சங்கிலி பிடித்த கைகள்

இன்னைக்கு ஒரு கோட்டுல இருந்து ஆரம்பிக்கலாம். கையில போன் இருந்தா மேப்பைத் திறந்து, வட அட்சரேகை 12 டிகிரி 32 நிமிடம் எங்கே போகுதுன்னு பாருங்க. கிழக்குப் பக்கம் மதுராந்தகத்தை ஒட்டி இருக்கிற கருங்குழியைத் தொடும். அப்படியே மேற்கே வந்தா எங்க ஊர்ப் பக்கம், போளூர். என் சொந்த ஊரான கலசப்பாக்கம் அந்தக் கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, செய்யாத்தங்கரையில இருக்கு. ஆரணிப் பட்டு தெரியும்ல, அந்த வட்டாரம்தான்.

ஆரணிச் சேலை தெரிஞ்ச அளவுக்கு இந்தக் கோட்டை யாருக்கும் தெரியாது. ஆனா இது உலக அறிவியல் வரலாற்றுல இடம் பிடிச்ச கோடு. 1805-ல ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழ்ல வில்லியம் லாம்ப்டன் எழுதின ஒரு கட்டுரை வந்தது. சோழமண்டலக் கடற்கரையில பூமியோட ஒரு பாகையின் நீளம் எவ்வளவுன்னு அளந்து சொன்ன கட்டுரை. அதோட தலைப்பிலேயே 12 டிகிரி 32 நிமிடம்னு இருக்கும்.

இந்த எபிசோடுல எனக்கு ரெண்டு கேள்வி. அந்தக் கோட்டை அளக்க உண்மையில சங்கிலி பிடிச்சது யாரு? அவங்க விருப்பப்பட்டுத்தான் பிடிச்சாங்களா?

ராணுவத்துக்குக் கட்டாய ஆள் சேர்ப்புன்னு சொன்னா நம்ம வயசுக்காரங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது கொரியாவும் பிடிஎஸ் பசங்களும்தான். இந்தியாவுல வெள்ளைக்காரன் காலத்துல அப்படி ஒரு சட்டம் இருந்ததான்னு தேடினா, ஒரு வேடிக்கையான பதில் கிடைக்குது. இருந்தது. முதல் உலகப் போர் நடுவுல, 1917-ல இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. 16-லிருந்து 50 வயசுக்குள்ள இருக்கிற ஆண்களுக்குக் கட்டாய சேவை. ஆனா யாருக்கு? இந்தியாவுல வாழ்ந்த ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டும்! இந்தியர்கள் "தன்னார்வமா" சேரலாம். ரெண்டு உலகப் போரிலயும் போன லட்சக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் காகிதத்துல எல்லாருமே தன்னார்வலர்கள்.

அப்போ நம்ம ஆளுங்களை யாரும் கட்டாயப்படுத்தலையா? அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, முதல்ல ஏன் அளந்தாங்கன்னு பார்த்துடலாம்.

அரிசி எங்கே, தண்ணி எங்கே

ஆரணியில ரெண்டு முக்கியமான சண்டை நடந்திருக்கு. 1751 டிசம்பர்ல ராபர்ட் கிளைவ், ராசா சாகிப்பும் பிரெஞ்சுக்காரங்களும் சேர்ந்த படையோட மோதினார். அடுத்தது 1782 ஜூன்ல, ஐதர் அலிக்கும் கம்பெனித் தளபதி ஐர் கூட்டுக்கும். ரெண்டாவது சண்டை நடந்ததுக்குக் காரணம், ஐதர் அலி தன்னோட தானியத்தையும் தளவாடத்தையும் ஆரணிக் கோட்டையில சேர்த்து வெச்சிருந்ததுதான். கூட் படைக்குச் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. பீரங்கி இருக்கு, குண்டு இருக்கு, மாட்டுக்குத் தீவனம் இல்லை.

அந்தக் காலப் படைன்னா சிப்பாய் மட்டும் இல்லை. வண்டி மாடு, சமையல்காரர், துணி துவைக்கிறவர், சிப்பாய்களோட குடும்பம், கூடவே ஒரு சந்தை. ஒரு சின்ன ஊரே நகர்ந்து போற மாதிரி. அந்த ஊர் அடுத்த ஏரி எங்கே, செய்யாத்தை எந்த இடத்துல இறங்கிக் கடக்கலாம், எந்தக் கணவாய் வழியா மலை ஏறலாம்னு தெரியாம ஒரு நாள்கூட நகர முடியாது. வரைபடம்ங்கிறது அவங்களுக்கு அலங்காரம் இல்லை, உணவு மாதிரி அத்தியாவசியம்.

அப்புறம் தேதிகளைப் பாருங்க. 1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து பாராமகால், அதாவது இன்னைக்கு சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி இருக்கிற பகுதி, கம்பெனி கைக்குப் போகுது. 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுது. 1801-ல ஆற்காடு நவாப்கிட்ட இருந்து கர்நாடகப் பகுதி முழுக்க நிர்வாகம் கைமாறுது. 1802-ல சென்னையில சங்கிலி தரையில இறங்குது. பிடிச்ச உடனே அளக்குறாங்க. ஸ்ரீரங்கப்பட்டணத்துல சண்டை போட்ட அதே 33-வது ரெஜிமென்ட்காரர்தான் லாம்ப்டன். அவருக்காகப் பரிந்து பேசினது அந்த ரெஜிமென்ட்டோட கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாடி வாட்டர்லூவுல நெப்போலியனைத் தோற்கடிச்சாரே, அவரேதான்.

கத்திரி வெயில்ல ஏழரை மைல்

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்குப் பக்கத்துல சமதளமான ஒரு இடம். ஏழரை மைல் நீளத்துக்கு நேர்கோடு ஒண்ணு அளக்கணும். கருவி என்னன்னா, நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. ரெண்டரை அடி நீளமான 40 கம்பிகளைக் கோர்த்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாக் கொண்டு போயி, அவர் வேண்டாம்னு சொன்னதால சுத்தி வளைச்சு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த சங்கிலி அது.

தரையில போட்டு இழுத்துட்டுப் போற வேலை இல்லை இது. முக்காலிகள் மேல மரப்பெட்டிகளை வரிசையா மட்டம் பார்த்து வெச்சு, அதுக்குள்ள சங்கிலியைக் கிடத்தி, வெப்பமானியால சூடு பார்க்கணும். வெயில்ல எஃகு நீளும். அந்த நீட்சியையும் கணக்குல எடுத்துக்கணும். அப்புறம் பெட்டியைத் தூக்கிட்டு அடுத்த நூறு அடி. இப்படிச் சுமார் நானூறு தடவை. மே 22-ல முடிஞ்சது. ஏப்ரல், மே சென்னை வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை.

நெசவு தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். பாவு ஓட்டுறப்போ ஒரு இழை தளர்ந்தா, சேலை முழுக்க அந்தத் தளர்ச்சி வரும். அடிக்கோடும் அப்படித்தான். அந்த ஒரு கோட்டை மட்டும் சங்கிலியால அளந்துட்டு, மத்ததெல்லாம் கோணம். ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா முக்கோணத்தோட மீதிப் பக்கங்கள் கிடைச்சிடும், பத்தாங்கிளாஸ் கணக்கு. அந்தப் பக்கத்துல இருந்து அடுத்த முக்கோணம். மலை மலையா ஏறி, கோபுரம் கோபுரமா ஏறிக் கோணம் பார்த்துட்டே போனாங்க. கோணம் பார்க்குற கருவியான தியோடலைட் எடை அரை டன். அதை மனுஷங்க தூக்கித்தான் மலை ஏத்தினாங்க.

அப்படி ஏத்தின மலைகள்ல ஒண்ணு போளூர்ப் பக்கத்து மலைக்கோட்டை. லாம்ப்டன் அதைக் "கர்நாட்டிகர்"னு எழுதியிருப்பார். அங்கேயிருந்து கருங்குழி வரைக்கும் 50 மைலுக்கு மேல ஒரே பார்வைக்கோடு! கிழக்கு மேற்கா ஒரு பாகையோட நீளத்தைக் கண்டுபிடிக்க இந்த ஜோடியைத்தான் பயன்படுத்தினார். நான் மேப் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். செயற்கைக்கோள் இல்லாம, கால்குலேட்டர் இல்லாம, ஒரு அடியில நுணுக்கமான பின்னம் வரைக்கும் அந்தத் தூரத்தைக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறதைப் பார்த்தா மூச்சு நின்னுடுது. அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். இந்த முக்கோணச் சங்கிலிதான் நீண்டுகிட்டே போயி ஐம்பது வருஷம் கழிச்சு எவரெஸ்ட் உயரம் வரைக்கும் போச்சு.

ஆனா அந்தக் கோணங்களைக் கணக்காக்க உட்கார்ந்தது யாரு? இங்கேதான் கதை எழும்பூருக்குப் போகுது.

எழும்பூர்ப் பையன்கள்

1780-கள்ல சென்னையில ஒரு பிரச்சினை. கம்பெனிச் சிப்பாய்களா வந்த ஐரோப்பியர்களுக்கும் இங்கே இருந்த பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள். அப்பா சண்டையிலயோ காய்ச்சல்லயோ செத்துப் போயிடுவார். இந்தப் பையன்களுக்காக எழும்பூர்ல ராணுவ ஆண் அனாதை இல்லம் தொடங்கினாங்க. 1789-ல அதோட பொறுப்புக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல்ங்கிற பாதிரியார்.

"அனாதை"ங்கிற வார்த்தையில கொஞ்சம் நில்லுங்க. பெரும்பாலும் அப்பா செத்தாலே அனாதை. அம்மா உயிரோட இருக்கலாம், பக்கத்துத் தெருவுலயே இருக்கலாம். ஆனா அந்த அம்மாக்களோட வளர்ப்பு பையன்களைக் கெடுக்கும்னுதான் பெல் நினைச்சார். அவங்ககிட்ட இருந்து பிரிச்சு வளர்க்கிறதே இல்லத்தோட நோக்கங்கள்ல ஒண்ணு.

இதுல ஒரு முரண் இருக்கு. அம்மாவோட பழக்கம் வேண்டாம்னு சொன்ன பெல், அம்மாவோட ஊர்ப் பள்ளிக்கூடத்துல இருந்துதான் பாடம் நடத்துற முறையை எடுத்துக்கிட்டார். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க மணல்ல விரலால எழுதிப் பழகுறதைப் பார்த்தார். எழும்பூர்லயும் மணல் பரப்பினார். நல்லாப் படிக்கிற பையன் மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும், நம்ம சட்டாம்பிள்ளை மாதிரி. இதை 1797-ல லண்டன்ல புத்தகமாப் போட்டார். "மெட்ராஸ் முறை"ன்னு உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

இந்தப் பையன்கள் வளர்ந்தா என்ன வேலைக்குப் போறது? அப்பா மாதிரி ராணுவத்துக்குப் போகலாமா? கம்பெனி அந்தக் கதவை மூடிடுச்சு. 1791-ல ஒரு ஆணை, இந்தியப் பெற்றோர் ஒருத்தர் இருந்தாலும் கம்பெனியில உயர் பதவி கிடையாது. 1795-ல இன்னொண்ணு. தாய், தந்தை ரெண்டு வழியிலயும் ஐரோப்பியரா இல்லாதவங்க கம்பெனிப் படையில நாலே வேலைதான் பார்க்கலாம். முரசு அடிக்கலாம், குழல் ஊதலாம், பேண்ட் வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் அடிக்கலாம்.

இந்த ரெண்டு ஆணைக்கும் நடுவுல, 1794-ல, மைக்கேல் டாப்பிங்ங்கிற வானியலாளர் சென்னையில ஒரு சர்வே பள்ளி ஆரம்பிக்கிறார். முதல் மாணவர்கள் எட்டுப் பேர். எங்கேயிருந்து எடுத்தார்? எழும்பூர் அனாதை இல்லத்துல இருந்து. ராணுவ அதிகாரியை வெச்சு நிலம் அளந்தா செலவு அதிகம். பையன்களைப் பழக்கினா மலிவு, வேற எங்கேயும் போகவும் மாட்டாங்க. ஏன்னா வேற எங்கேயும் போக முடியாது.

அந்தப் பள்ளிதான் பின்னாடி சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி. இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்கள்ல அங்கே படிச்சவங்க கண்டிப்பா இருப்பீங்க. "1794" உங்க கல்லூரிப் பெருமைல முதல் வரி. அந்த வருஷத்துக்குப் பின்னாடி எட்டுப் பையன்கள் இருக்காங்க.

அவங்க விண்ணப்பம் போட்டு வரலை. இல்லம் அவங்களை ஒப்பந்தத்துல பயிற்சியாளர்களா ஒப்படைச்சது. பதின்ம வயசுல, வருஷக்கணக்குல காட்டுலயும் மேட்டுலயும் சங்கிலி, காம்பஸ், கணக்கு நோட்டு. திப்பு சுல்தான்கிட்ட இருந்து பிடிச்ச மைசூரை காலின் மெக்கன்சி அளந்தப்போ அவர் கூட இருந்தது இந்தப் பள்ளிப் பையன்கள்தான். லாம்ப்டன் கூடவும் அப்படித்தான். அதுல ஒருத்தர் பேரு நல்லாவே தெரியும், ஜோஷுவா டி பென்னிங். லாம்ப்டன் 1823-ல இங்கனகாட்டுல கூடாரத்துலயே செத்துப் போற வரைக்கும், இருபது வருஷம் அவர் கூடவே இருந்தார். பின்னாடி கல்கத்தாவுல சர்வேயோட கணிப்பு அலுவலகத்துக்குத் தலைவர் ஆனார். எவரெஸ்ட் உயரத்தைக் கணக்குப் போட்டவர்னு நாம படிக்கிற ராதாநாத் சிக்தர் வேலை பழகினதும் அந்த அலுவலகத்துலதான். ராசென்ரோட், ஆலிவர்னு இன்னும் ரெண்டு பேர் ஜார்ஜ் எவரெஸ்ட்டுக்கு வலது கை, இடது கை மாதிரி. பதவி? துணை உதவியாளர். எத்தனை வருஷம் உழைச்சாலும் மேலே ஒரு கண்ணாடிக் கூரை.

உங்கள்ல சிலர் கேப்பீங்க, "தெருவுல நின்ன பையனுக்குப் படிப்பும் வேலையும் கிடைச்சதே, இதுல என்ன தப்பு?"ன்னு. நியாயமான கேள்வி. டி பென்னிங் தன் வேலையில பெருமைப்பட்டிருப்பார்னுதான் நானும் நினைக்கிறேன். திறமையில்லாதவர் அந்த நாற்காலிக்கு வர முடியாது. ஆனா நான் பேசுறது அவர் திறமையைப் பத்தி இல்லை. ஒரு அறையில பத்துக் கதவு இருந்து நீங்க ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா அது விருப்பம். ஒன்பது கதவைப் பூட்டிட்டு, பத்தாவது கதவு வழியா நீங்க போனதும், "பாருங்க, அவரே நடந்து போனார்"னு சொன்னா அதுக்கு என்ன பேரு? கம்பெனிக்குக் கட்டாய ஆள் சேர்ப்புச் சட்டம் தேவைப்படலை. கதவுகளைப் பூட்டினாலே போதும்.

கொடி பிடிக்க ஒரு ஆள்

டி பென்னிங்குக்காவது பேர் இருக்கு. அந்த அரை டன் கருவியைத் தூக்கினவங்களுக்கு அதுவும் இல்லை.

1808-ல தஞ்சாவூர்ப் பெரிய கோயில்ல அந்தக் கருவியைக் கயித்தைக் கட்டி மேலே ஏத்துறப்போ கயிறு அறுந்து, கருவி சுவத்துல மோதி நசுங்கிடுச்சு. லாம்ப்டன் கூடாரத்துக்குள்ள போயி, பல வாரம் உட்கார்ந்து, தட்டித் தட்டி வட்டத்தை நிமிர்த்தினார். இந்தக் கதையைச் சர்வே வரலாறு எழுதுற எல்லாரும் சொல்லுவாங்க. கயித்தைப் பிடிச்சிருந்தவங்க யாருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

1819-ல எவரெஸ்ட் குழு கிருஷ்ணா, கோதாவரி நதிகளுக்கு நடுவுல இருக்கிற காட்டுல மழைக்காலத்துல மாட்டிக்கிச்சு. கிட்டத்தட்ட மொத்தக் குழுவுக்கும் காய்ச்சல். ஐதராபாத்துல இருந்து பல்லக்கும் யானையும் வண்டியும் அனுப்பித்தான் காப்பாத்திக் கூட்டிட்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடியே, இந்தக் காட்டுக்குள்ள போக மாட்டோம்னு கிளம்பின காவல் ஆட்களை எவரெஸ்ட் சவுக்கால அடிக்க வெச்சார். சம்பளத்துக்கு வந்தவங்கதான். ஆனா "நான் கிளம்புறேன்"னு சொல்ற உரிமை அவங்களுக்கு இல்லை.

கிராமத்துல இந்த வேலை வேற ரூபத்துல வந்தது. நாம "வெட்டி வேலை"ன்னு கிண்டலாச் சொல்றோமே, அந்த "வெட்டி" சோழர் காலக் கல்வெட்டுல இருக்கிற வார்த்தை. ஊருக்காகக் கூலி இல்லாமச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. வெள்ளைக்கார அரசு அந்தப் பழக்கத்தை ஒழிக்கலை, சட்டமா மாத்தி எழுதிக்கிச்சு. 1923-ம் வருஷத்துச் சென்னை நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இன்னைக்கும் தமிழ்நாட்டுல அமல்ல இருக்கு. அதுல ஒரு விஷயம்: எல்லைக்கோட்டுல செடி கொடியை வெட்டிச் சுத்தம் பண்ணவும், கொடி பிடிக்க ஆள் தரவும் நிலத்துக்காரரை சர்வே அதிகாரி கேட்கலாம். தரலைன்னா கூலிக்கு ஆள் வெச்சு, செலவை அவர்கிட்டயே வசூல் பண்ணலாம். நம்ம நிலத்தை அளக்கிறதுக்கு, நாமளே ஆளும் தரணும். நிலத்துக்காரர் யாரை அனுப்பியிருப்பார்னு நினைக்கிறீங்க? அவரே வெயில்ல கொடியோட நின்னிருப்பாரா?

முதல்ல வரைபடம், அப்புறம் பட்டியல்

இப்போ கொரியாவுக்குத் திரும்பலாம். இதே கதையை வேகமா ஓட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். 1910-ல ஜப்பான் கொரியாவை இணைச்சுக்குது. அதே வருஷம் நில அளவை தொடங்கி 1918-ல முடிக்கிறாங்க. 1938-ல கொரியர்களை ராணுவத்துல "தன்னார்வலர்களா" சேர்க்கிறாங்க. 1944-ல கட்டாயம். தைவானும் அப்படியே. முதல்ல நில அளவை, கடைசியில 1945-ல கட்டாய ஆள் சேர்ப்பு. ஆக்கிரமிக்கிற அரசுக்குத் தெரிய வேண்டியது ரெண்டே விஷயம்: நிலம் எங்கே இருக்கு, கைகள் எங்கே இருக்கு. முதலாவதுக்கு வரைபடம், ரெண்டாவதுக்குப் பட்டியல்.

இந்த ஜப்பானியக் கதைக்குள்ள நம்ம ஆளுங்களும் இருக்காங்க. எங்க ஊர் அப்போ வட ஆற்காடு ஜில்லா. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன முக்கியமான ஜில்லாக்கள்ல அதுவும் ஒண்ணு. மழை பொய்ச்ச வருஷங்கள்ல கங்காணி வந்து கூட்டிட்டுப் போவார். 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்துடுச்சு. பிரிட்டிஷ்காரன் போயிட்டான், அவன் வரைபடங்கள் அங்கேயே இருந்தது. ஜப்பான் ராணுவம் தென்கிழக்கு ஆசியாவுல கைப்பற்றின காலனி வரைபடங்களை நகலெடுத்து, மேலே ஜப்பானிய எழுத்தைச் சேர்த்து, தன் படைக்கு அச்சடிச்சுக் கொடுத்தது. வரைபடத்துக்கு விசுவாசம் கிடையாது. பாஸ்வேர்ட் இல்லாத டேட்டாபேஸ் மாதிரி, யார் கையில சர்வர் இருக்கோ அவங்களுக்கு வேலை செய்யும்.

பட்டியலும் அங்கேயே தயாரா இருந்தது. தோட்டத்துல தினமும் விடியக்காலையில பெரட்டுக்கு நிக்கணும், கிராணி செக்ரோல்ல பேர் குறிப்பார். எந்தத் தோட்டத்துல எத்தனை ஆண்கள்னு கணக்கு கச்சிதமா இருந்தது. சயாம்ல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடணும். பிரிட்டிஷ்காரங்க முன்னாடியே யோசிச்சுப் பார்த்து, மலையும் காடும் அதிகம்னு கைவிட்ட வழி. முதல்ல மூணு மாசம் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம்னு ஆசை காட்டினாங்க. ஆள் பத்தலை. அப்புறம் தோட்டம் தோட்டமா இத்தனை பேர்னு பிடிச்சாங்க. இலவச சினிமான்னு கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி, நேரா ரயில்ல ஏத்தினதா உயிரோட திரும்பினவங்க சொல்லியிருக்காங்க.

1943 அக்டோபர் 17-ல ரெண்டு முனையும் சேர்ந்தது. போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செஞ்சாங்க, அதுல 12,000-க்கு மேல செத்துப் போனாங்க. ஆசியத் தொழிலாளர்கள், அதாவது தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர்னு எல்லாரும் சேர்ந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேல. அதுல 90,000 பேர் வரைக்கும் இறந்திருக்கலாம்னு சொல்றாங்க.

ரெண்டு எண்ணையும் சொன்ன விதத்துல ஒரு வித்தியாசம் இருந்ததைக் கவனிச்சீங்களா? கைதிகளோட எண்ணிக்கை பதிவேட்டுல இருந்து வருது. காஞ்சனபுரியில போர்க் கல்லறைத் தோட்டத்துல கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வெச்சுப் பராமரிக்கிறாங்க. பெரும்பாலானதுல பேர், வயசு, ரெஜிமென்ட் எல்லாம் இருக்கு. நம்மாட்களோட எண்ணிக்கை வெறும் மதிப்பீடு. அவங்களைப் பிடிக்கிறதுக்குப் பட்டியல் இருந்தது, புதைக்கிறதுக்கு இல்லை. அவங்களுக்குன்னு காஞ்சனபுரியில ஒரு நடுகல் வந்தது 2023-லதான். எண்பது வருஷம் கழிச்சு.

நம்ம போன்ல ஓடுற கோடு

நான் வேலை பார்க்கிற துறையில தினமும் பார்க்கிற விஷயத்தைச் சொல்லி முடிச்சுக்கிறேன். உங்க தெருவுல இருக்கிற முட்டுச்சந்து மேப்ல சரியாக் காட்டுதுன்னா, அதுக்குப் பெரும்பாலும் காரணம் அந்தச் சந்துக்குள்ள நூறு தடவை பைக் ஓட்டிட்டுப் போன டெலிவரி அண்ணன்கள். அவங்க போன் விட்டுட்டுப் போற தடத்தை வெச்சுத்தான் பாதையைத் திருத்துறாங்க. கேட் எங்கே, லிஃப்ட் எந்தப் பக்கம்னு எல்லாமே அவங்க கால் நடந்து சேர்த்த தகவல். சம்பளம் பார்சலுக்கு மட்டும். அளவைக்கு இல்லை. ஆப்ல லொகேஷன் அனுமதி கேட்கும், "வேண்டாம்"னு அழுத்தினா வேலையே வராது. அங்கேயும் அவர் "விருப்பப்பட்டு" ஓகே அழுத்தினார்னுதான் பதிவாகும்.

இதையும் சயாம் ரயிலையும் ஒரே தட்டுல வைக்கலை. அங்கே உயிர் போச்சு, இங்கே அப்படி இல்லை. ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா செத்தவங்களுக்கு அவமரியாதை. ஆனா 1794-ல எழும்பூர்ல கேட்டிருக்க வேண்டிய கேள்வி இங்கேயும் பொருந்தும். இவருக்கு வேற எத்தனை கதவு திறந்திருக்கு? டேட்டாவைக் கையாளுற நம்மள மாதிரி ஆளுங்க மீட்டிங்ல கேட்கக்கூடிய கேள்வி இது. நான் கேட்க ஆரம்பிச்சிருக்கேன். எல்லா நேரமும் பதில் வர்றது இல்லை, ஆனா அதுக்கப்புறம் அறையில பேச்சு கொஞ்சம் மாறுது.

ஒரு வேண்டுகோள். வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் குடும்ப வேர் இருக்கிறவங்க, இந்த வாரம் வீட்டுல பெரியவங்களுக்கு ஒரு போன் போடுங்க. "நம்ம குடும்பத்துல மலாயா போயி திரும்பி வராதவங்க யாராவது உண்டா?"ன்னு கேளுங்க. "சயாமுக்குப் போனாரு"ன்னு ஒரு வரி மட்டும் மிச்சம் இருக்கிற வீடுகள் நிறைய. அந்தப் பேரு, ஊரு, தோட்டத்தோட பேரு, எது ஞாபகம் இருக்கோ அதை அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்குங்க. இப்போ எண்பது, எண்பத்தஞ்சு வயசுல இருக்கிறவங்கதான் அந்தப் பேர்களைக் காதால கேட்ட கடைசித் தலைமுறை.

பேர் கிடைச்சா எங்களுக்கும் எழுதுங்க. வீட்டுல சம்மதிச்சா, ஒரு எபிசோடு முழுக்க அந்தப் பேர்களை மட்டும் வாசிக்கலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.